பன்னெண்டும் புதுசு

பொன்னுரங்கத்தின் லாரியில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. இஞ்சினை நிறுத்தினோம். சத்தம் நிற்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் சங்ககிரியில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வண்டிக்குள் சித்தர் குடியிருந்தார் என்கிறான் ஒருத்தன். ரோட்டில் அடிபட்டுச் செத்த ஆவி என்கிறான் இன்னொருத்தன். அந்த இஞ்சினைப் பிரித்ததும் நான், பூட்டியதும் நான். ஒருதடவைதான் சொல்வேன். குறுக்கே பேச வேண்டாம்.

எங்கள் பட்டறை வீதியில் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிற சத்தம் மத்தியானச் சோற்றுக்குத்தான் நிற்கும். டிங்கர் தட்டுவான், ஸ்பிரிங் பட்டைக்காரன் சம்மட்டி போடுவான், வெல்டிங் சீறும், என் பட்டறைக்கு நேர் எதிரே லேத் கீச்சென்று இழுக்கும், இத்தனைக்கும் நடுவே ஒரு இஞ்சினில் எந்த வால்வு இருமுகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சொன்னால் சரியாக இருக்கும், அதற்காகவே நாமக்கல்லிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வண்டி வரும். லாரிக் கதவுக்குக் கீழே பாடி கட்டினவன் பேரும் பெயிண்ட் அடித்தவன் பேரும் எழுதுவது வழக்கம். பொன்னுரங்கம் அவற்றுக்குக் கீழே என் பேரையும் எழுதி வைத்திருந்தான். 'இஞ்சின் வேலை: மேஸ்திரி சென்னியப்பன், சங்ககிரி.' முப்பது வருசப் பழக்கம். அவனுக்கு ஒரே லாரி, அதற்கு அவனே ஓனர், அவனே டிரைவர். வீட்டில் படுத்த நாளைவிட கேபினில் படுத்த நாள் அதிகம்.

ஆனி மாசத் தொடக்கத்தில் அந்த லாரி இஞ்சினின் மேல்பாகத்தைப் பிரித்து முழுக்க வேலை செய்து கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது.

"ஏனுங் மேஸ்திரி, உள்ளார யாரோ நகத்துல தட்டற மாதிரி கேக்குதுங்" என்றான்.

"ஓட ஓடச் சரியாயிரும்."

"ஓட ஓடத்தானுங் ஜாஸ்தி ஆவுது."

நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை இஞ்சின் மூடிமேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். கேட்டது. எங்கிருந்து என்றும் கேட்டது. ஆனால் அந்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பார்த்தேன். டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தேன். புகை போகிற வழியில் ஓட்டையோ என்று சோப்புத் தண்ணி தெளித்தேன். ஆயில் மாற்றினேன். கண்டதையெல்லாம் கழற்றினேன், கழற்ற வேண்டிய மூடியை மட்டும் கழற்றவில்லை. பிறகு, "எல்லா எடமும் பாத்தாச்சு" என்று சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினேன்.

டிக்.

"கரண்ட்டுக் கோளாறு" என்று பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.

டிக்.

"சூடு ஆறுனா நின்னுரும்" என்றேன்.

டிக். சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள், என் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்த மாதிரி.

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தான். "இல்லீங், ராக்கர் புஷ்ஷெல்லாம் மாத்துனீங்ளே, அதுல ஏதாச்சும்..."

"பன்னெண்டும் புதுசு" என்றேன்.

டிக்!

பக்கத்தில் டெயில் போர்டுக்கு மயில் வரைந்துகொண்டிருந்த பெயிண்டர் தனபால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடிவந்து, லாரி பம்பரில் ஆட்காட்டி விரலால் மூன்றுதடவை தட்டினான். "கெவுளி சொல்லிருச்சுங்! மேஸ்திரி சொன்னது மெய்யி!"

ஒருத்தர் பேசும்போது சுவரில் பல்லி கத்தினால் அந்தப் பேச்சு உண்மை, உடனே விரலால் தட்டிக்கொள்ள வேண்டும். இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். டிங்கர் வந்து தட்டினான். பட்டைக்காரன் வந்து தட்டினான். பொன்னுரங்கமும் தட்டினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

எனக்கு மட்டும் தெரியும், பன்னெண்டும் புதுசு இல்லை.

ஆறு சிலிண்டர். பன்னெண்டு வால்வு. வால்வுக்கு ஒன்றாய் ராக்கர் என்று பன்னெண்டு இரும்புக் கை, சீசா மாதிரி ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கி வால்வை அமுக்கும். அந்தக் கை ஆடுகிற அச்சுக்கும் கைக்கும் நடுவே ஒரு வெண்கல வளையம். அதுதான் புஷ். பன்னெண்டு புஷ் வாங்கி வைத்திருந்தேன், பதினொன்று ஏறியது, மீதி ஒன்று கை வழுக்கி விழுந்து, உருண்டு, வாசலைத் தாண்டி சாக்கடைக்குள் போனது. குச்சி விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. பழைய புஷ்ஷையே அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டு மூடிவிட்டேன். அப்படிப் போட்டால் தேய்ந்த பக்கம் மேலே போகும், கொஞ்ச நாள் சத்தம் வராது. ஆயில் வருகிற ஓட்டையும் மறுபக்கம் போய் அடைந்துவிடும், அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்கு வெயில். பசி. வேறு காரணம் தேட வேண்டாம், இல்லை.

ஆக லாரி பல்லி இல்லை. பொய் சொன்னால்தான் அடிக்கிறது. அந்த நிமிசமே எனக்குப் புரிந்துவிட்டது. தனபால் அதற்குள் கற்பூரம் வாங்கப் போயிருந்தான்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். யாரும் ஆச்சரியப்படவில்லை. இரும்புக்கும் வாய் உண்டு என்று தெரிந்ததும், அந்த வாயால் நமக்கு என்ன ஆகும் என்றுதான் பார்த்தார்கள். ஆடி பிறந்து பத்து நாளைக்குள் ரேடியேட்டருக்குச் சந்தனம், முன்கண்ணாடிக்குக் குங்குமம், வைப்பரில் மல்லிகை, பம்பரில் தட்டித் தட்டி பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் மஞ்சள். கோயில் பூசாரி கோபமாக வந்தார், சாமி கோயிலில்தான் இருக்கிறது, நான் ஒருநாள்கூடப் பூசை தவறியதில்லை என்றார், லாரி டிக் என்றது, மறுநாளிலிருந்து அவரே மாலை கொண்டுவந்தார். ஜோசியர் ஒரு பலன் அட்டை எழுதி மாட்டினார்: சத்தம் பானெட்டில் கேட்டால் தொழில் விருத்தி, இடது டயரில் கேட்டால் புத்திரபாக்கியம், டீசல் டேங்கில் கேட்டால் வீண் அலைச்சல்.

அப்புறம் ஜனம் வந்தது. வந்தது என்றால் சந்தைக்கு வருகிற மாதிரி வந்தது, வரிசை கட்டி வந்தது, வரிசையில் சண்டை போட்டுக்கொண்டு வந்தது. பால்காரன் பம்பரில் கை வைத்து, சொட்டுத் தண்ணி கலக்கிறதில்லீங் என்றான், டிக், அந்தப் பால் நீலமாக இருந்தும் வீதியே வாங்கிக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டது. ராசிபுரம் போய் ரெண்டு நாள் கழித்து வந்தவன், லோடு லேட்டாயிருச்சு புள்ள, வேற ஒண்ணுமில்ல என்று பெண்டாட்டி முன்னால் சொன்னான், டிக், அன்றைக்கு அவனுக்குக் கோழிக்குழம்பு. எடப்பாடியிலிருந்து பெண் வீட்டாரும் திருச்செங்கோட்டிலிருந்து பையன் வீட்டாரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள், பையன் சாராயத்தைத் தொட்டதுகூட இல்லை என்று இந்தப் பக்கம் சொல்ல டிக், பெண் சமையலில் கெட்டிக்காரி என்று அந்தப் பக்கம் சொல்ல டிக், சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டு டீசல் டேங்க் பக்கத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு கட்சிக்காரர் மைக் செட்டோடு வந்து அரை மணி நேரம் பேசினார். தையல் மிசின் மாதிரி விடாமல் அடித்தது. கூட இருந்தவர்கள் கைதட்டி ஓய்ந்து, கடைசியில் அந்த டிக் டிக்குக்கே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

உண்மை பேசினவன்தான் செத்தான். வீதி முனையில் டீக்கடை போட்டிருந்த மாணிக்கராசு, என் வடையில சோடா மாவு கிடையாதுங் என்றான், நிசமாகவே கிடையாது, லாரி வாயைத் திறக்கவில்லை. சனம் அவனை ஒரு மாதிரி பார்த்தது. வியாபாரம் படுத்தது. பத்து நாள் பொறுத்தான். பிறகு மாவில் சோடாவை அள்ளிக் கொட்டிவிட்டு வந்து அதே வார்த்தையைச் சொன்னான், டிக், கூட்டம் திரும்பி வந்தது, வடையும் நன்றாகப் புசுபுசுவென்று இருந்தது.

எதிர் லேத்துக்காரம்மாவுக்கு அதைவிட மோசம். பதினைந்து வருசமாக அங்கே லேத் போட்டிருக்கிற பாயம்மா. ஐடிஐயில் டர்னர் படித்தவள். வீதியில் எல்லாருக்கும் அவள் லேத்துக்காரம்மாதான், பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வளவளவென்று பேசமாட்டாள், அது ஒன்றுதான் எனக்கு அவளிடம் பிடித்தது. கேட்டால், "ஆகும்" என்பாள், "ஆகாது" என்பாள், "நாளைக்கு" என்பாள். நாளைக்கு என்றால் நாளைக்கு. அவள் கடைந்து கொடுத்த சாமானை ஒருத்தன் லாரி முன்னால் தூக்கிப் பிடித்து, அளவு சரிதானுங்ளா என்று கேட்டான். "சரிதான்" என்றாள். லாரி பேசவில்லை. இன்னொருத்தன் கேட்டான். "நூல் பிசகாது" என்றாள். பேசவில்லை. கெவுளி ஒருதடவைகூடச் சொல்லாத பொம்பளை என்று பேர் கட்டினார்கள். வேலையை அள்ளிக்கொண்டு குமாரபாளையம் லேத்துக்குப் போனார்கள், அங்கே இருந்தவன் வந்து பம்பரில் கை வைத்து, என் கை அளவு தப்பாதுங் என்றான், டிக்.

எதிரே லேத் ஓடாமல் நின்றது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், சில நேரம் என்னையும் பார்ப்பாள். நான் திரும்பிக்கொள்வேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் விழுகிறது என் பன்னெண்டு. அதனால் பேச்சைக் குறைத்தேன். மேஸ்திரிக்கு வயசாகி ஞானம் வந்துவிட்டது என்று தனபால் சொன்னான். லாரி பக்கத்தில் நின்றுதான் சொன்னான். டிக் என்றது.

பொய் ஒவ்வொன்றும் அந்தச் சத்தத்துக்குச் சதை வைத்தது. ஆடியில் நகத்தால் தட்டுகிற சத்தம், ஆவணி பாதியில் கரண்டியால் அண்டாவைத் தட்டுகிற சத்தம், ஆவணி முடிவில் சுத்தியல், புரட்டாசியில் சம்மட்டி. ஒரு அடிக்கு மாணிக்கராசு கடையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது, இன்னொரு அடிக்கு முட்டைக்கடையில் ஒரு தட்டு முட்டை மொத்தமாக விரிந்து ஒழுகியது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்கள். வராமல் இருக்கவில்லை. சாமிக்குச் சக்தி ஏறுது என்றார்கள். நான் ஒருநாள் சும்மா இஞ்சினைப் போட்டுப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்க முடியவில்லை, அப்படி அடித்தது. ஆயில் போகாத அச்சு உள்ளே நீலம் பாய்ந்திருக்கும். இனி என்றைக்கு வேண்டுமானாலும் அந்த ராக்கர் உடையும், உடைந்த துண்டு மற்ற ராக்கர்களுக்கு நடுவே போய் மாட்டும், இஞ்சின் அங்கேயே நிற்கும். மேட்டில் நின்றால் பரவாயில்லை.

அப்போதுதான் பொன்னுரங்கம் லோடு எடுத்தான்.

ரெண்டு மாசமாக அவனை அவன் வண்டியிலேயே உட்கார வைத்து தயிர்ச்சோறும் தேங்காய் மூடியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமியை எங்கே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று சண்டை பிடித்தார்கள். "நா டிரைவருங் மேஸ்திரி. பூசாரி வேலைக்கு என்னால ஆவாது" என்றான் என்னிடம். ஜவ்வரிசி மூட்டை ஏற்றினான், பெங்களூரில் இறக்கிவிட்டு, ஓசூர் பக்கத்தில் கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு திரும்புவதாகப் பேச்சு. போகும்போது ஏத்தம். வரும்போது தொப்பூர் கணவாய், கல் பாரத்தோடு இறக்கம். அங்கே இஞ்சின் நின்றால் பிரேக்குக்குப் போகிற காற்று நிற்கும், காற்று நின்றால் பிரேக் நிற்கும். அதற்குமேல் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினான். ஊரே வழியனுப்ப வந்தது. முன் டயருக்குக் கீழே ரெண்டு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"பொறப்படறதுக்கு முன்னால ஒரு வாக்கு கேட்டுக்கலாமுங்" என்றான் தனபால். "இஞ்சின் போட்டவர் வாயாலயே சொல்லட்டும். ஏனுங் மேஸ்திரி, கணவாய் தாங்குமுங்ளா?"

பஞ்சு வைத்த காதெல்லாம் என் பக்கம் திரும்பியது. பொன்னுரங்கம் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.

தாங்காது என்று சொன்னால் லாரி பேசாது, லாரி பேசாவிட்டால் ஊர் நம்பாது, மேஸ்திரி கிழம் உளறுது என்று சொல்லிவிட்டுப் பழத்தின்மேல் வண்டியை ஏற்றிவிடுவார்கள். அப்படி என்னையே நான் சமாதானம் பண்ணிக்கொண்டேன். முழு உண்மை வேறு ஒன்று இருக்கிறது, முப்பது பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"இஞ்சின் நல்லா இருக்குது" என்றேன். "தாங்கும்."

அடித்தது பாருங்கள். பக்கக் கண்ணாடி குறுக்கே கீறிக்கொண்டது. கோட்டை மலையில் மேய்ந்த ஆடெல்லாம் தலை தூக்கிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். ஜனம் ஆவென்று கத்தி பம்பரில் மாறி மாறித் தட்டியது, பொன்னுரங்கம் கும்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

லேத்துக்காரம்மா வீதியைத் தாண்டி வந்தாள். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். லாரிக்கு முன்னால் நின்றாள்.

"நான் ஆம்பள" என்றாள்.

டிக்!

கத்திக்கொண்டிருந்த கூட்டம் நின்றது. "என்ன பாயம்மா, பொறப்படற நேரத்துல" என்றான் தனபால். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆடு முட்டை போடும்."

டிக்!

"சங்ககிரியில கடல் இருக்கு."

டிக்! கடைசி டம்ளரும் போச்சு என்று மாணிக்கராசு கடையிலிருந்து கத்தினான்.

"நான் பொம்பள" என்றாள்.

லாரி பேசவில்லை. எலுமிச்சம்பழத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அதுகூடக் கேட்டது.

"ரெண்டு மாசமா நான் சொன்ன ஒண்ணுக்குக்கூட இது அடிக்கல" என்றாள். "நான் ஸ்க்ரூ கேஜ் வச்சு அளந்துட்டுச் சொல்றவ. அப்ப ஒண்ணு கேஜ் தப்பா இருக்கணும், இல்ல நீங்க கேக்கறது தப்பா இருக்கணும். கேஜை நாலுதடவ பாத்துட்டேன். சரியா இருக்கு."

நான் அறிந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி. பன்னெண்டும் புதுசா?"

என்ன செய்வது. புதுசு என்றால் அடிக்கும். பேசாமல் நின்றால் அதுவும் பதில்தான்.

"பதினொண்ணு" என்றேன். "ஒண்ணு பழசு."

லாரி பேசவில்லை.

பொன்னுரங்கம் சாவியைத் திருப்பி எடுத்தான். மெதுவாக இறங்கி வந்தான். "எத்தனாவது?"

"எட்டாவது. நாலாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்."

"புதுசு எங்க போச்சு?"

"சாக்கடைல."

தலையை ஆட்டினான். வண்டியைச் சுற்றிப் போய் கதவுக்குக் கீழே என் பேர் எழுதியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்தான்.

"ஏனுங் மேஸ்திரி, நா இறக்கத்துல போயிச் சேந்திருந்தன்னா, எழவுக்கு வந்து உக்காந்துட்டு, பன்னெண்டும் புதுசுதான் போட்டேன்னு சொல்லியிருப்பீங்ளா?"

இந்த வயசில் ஒரு மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது. கேட்டுவிட்டான்.

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

லாரி பேசவில்லை. அது ஒருதடவை அடித்திருக்கலாம்.

கூட்டம் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட நேரமில்லை. ரெண்டு மாசமாக என்னென்னவற்றுக்கு டிக் என்றது என்று ஒவ்வொருத்தர் மூஞ்சியிலும் கணக்கு ஓடுவது தெரிந்தது. ராசிபுரத்துக்காரன் பெண்டாட்டி முதலில் கிளம்பினாள், வேகமாக. அவன் பின்னால் போகவில்லை, எதிர்ப்பக்கமாகப் போனான். பூசாரி மாலையை வைப்பரிலிருந்து அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார். ஜோசியர் பலன் அட்டையைக் கழற்றிக்கொண்டார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது, எழுதிக்கொள்ளலாம். கால் மணி நேரத்தில் வீதியில் வேலை செய்கிறவர்கள் மட்டும் மிஞ்சினோம். சாயங்காலத்துக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: நேற்றுவரைக்கும் லாரி மெய்தான் சொன்னது, இன்றைக்குத்தான் கெட்டுப்போச்சு. அப்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. எடப்பாடிப் பெண்ணுக்கும் திருச்செங்கோட்டுப் பையனுக்கும் ஐப்பசியில் கல்யாணம் நடந்தது, அவள் ஆக்குகிற சோற்றுக்கு அவன் குடிப்பது சரியாகத்தான் இருக்கிறது என்று கேள்வி.

நான் மூடியைக் கழற்றினேன். எட்டாவது ராக்கரை உருவினேன். அச்சு வெந்த மாதிரி நீலமாக இருந்தது, ராக்கர் கழுத்தில் மயிரிழை விரிசல். தொப்பூர்வரைக்கும்கூடப் போயிருக்காது. பொன்னுரங்கத்திடம் காட்டினேன். அவன் விரிசலை விரலால் தடவிப் பார்த்தான்.

பழைய சாமான் கிடங்கிலிருந்து விரிசல் இல்லாத ராக்கர் ஒன்று கிடைத்தது, அச்சும் கிடைத்தது. புஷ் கிடைக்கவில்லை. எதிரே போய் நின்றேன்.

"ஆகுமா?"

"ஆகும்."

ரெண்டு மாசம் நின்றிருந்த லேத் ஓடியது. வெண்கலத் துண்டைக் கடித்து, சுருள் சுருளாகப் பொன் நிறத்தில் துருவல் விழுந்தது, அவள் நிறுத்தி அளந்தாள், ஓட்டினாள், அளந்தாள், நான் அவசரப்படுத்தினேன், திரும்பாமலே, "நிக்கறதுன்னா நில்லுங்க, இல்ல போய் டீ குடிங்க" என்றாள். நின்றேன். ஆயில் ஓட்டை போட்டாள். அச்சில் போட்டுச் சுற்றிப் பார்த்தாள், வெண்ணெயில் விரல் போன மாதிரி போனது. ரெண்டு பேரும் லாரிக்குத் திரும்பினோம், நான் ராக்கரை எடுத்து புஷ்ஷை வைத்து அடிக்கச் சுத்தியலைத் தூக்கினேன்.

"ஓட்டை நேரா வந்துச்சா?"

"வரும்."

லாரி பக்கத்தில் நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டேன். டிக்.

அவள் என் கையிலிருந்து ராக்கரை வாங்கிக்கொண்டாள். சுத்தியலையும் வாங்கிக்கொண்டாள். ஓட்டைக்கு ஓட்டை கம்பி விட்டுப் பார்த்து, வைசில் வைத்து அமுக்கி, அச்சில் பூட்டி, கேஜ் தகடு விட்டு இடைவெளி பார்த்து, போல்ட்டு முறுக்கி மூடி போடுகிறவரைக்கும் அவளே செய்தாள். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். சாவி போட்டான் பொன்னுரங்கம். டிக் இல்லை. இஞ்சின் வயிறு நிறைந்த மாடு மாதிரி ஒரே சீராக மூச்சு விட்டது. தனபால் ஓடிவந்து, எனக்கு மீசையே இல்லை என்று மீசையைத் தடவிக்கொண்டே சொல்லிப் பார்த்தான். ஒன்றுமில்லை. எம்.ஜி.ஆர். வேசம் கட்டுகிற மூஞ்சி எனக்கு என்றான். ஒன்றுமில்லை. வெறும் லாரியாகிவிட்டது. அவனுக்கு வருத்தம்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை காலை கல் பாரத்தோடு திரும்பி வந்தது. "எறக்கத்துல பூனையாட்டம் வந்துச்சுங்" என்றான் பொன்னுரங்கம். அவளைப் பார்த்துச் சொன்னான், என்னைப் பார்த்து இல்லை.

தனபாலைக் கூப்பிட்டான். கதவுக்குக் கீழே இருந்த என் பேரைத் தின்னர் போட்டு அழிக்கச் சொன்னான். முப்பது வருசப் பேர், ஒரு துணிக்கு வந்தது. தனபால் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சின் வேலைன்னு போட்டாச்சு. யாரு பேரு போடறதுங்? யாரு சரி பண்ணுனது?"

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தான். வேண்டுமென்றே பார்த்தான். வெறும் லாரிதானே என்று எனக்கும் ஒரு தைரியம். வெள்ளிக்கிழமை தனபால் அவ்வளவு புளுகியும் அது வாயைத் திறக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

டிக்.

சின்னதாக. நகத்தால் தட்டின மாதிரி, ஒரே ஒருதடவை. தனபால் பிரஷ் அந்தரத்தில் நின்றது. பொன்னுரங்கம் சிரித்தான்; அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் முன்னால் அவன் சிரித்தது அப்போதுதான், பானெட்டைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிறவரைக்கும் சிரித்தான்.

"சரி, சரி" என்றேன். "லேத்துக்காரம்மா."

"அது பேருங்ளா? லேத்துக்காரம்மான்னா எழுத முடியும்?"

பதினைந்து வருசம். வீதியைத் தாண்டினேன். அவள் குனிந்து கடைந்துகொண்டிருந்தாள்.

"உம் பேரென்ன?"

லேத்தை நிறுத்தாமலே சொன்னாள். துருவல் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பொறுத்தேன். இன்னொருதடவை கேட்டேன். இன்னொருதடவை சொன்னாள். திரும்பி வந்து தனபால் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, அவன் எழுதி முடிக்கிறவரைக்கும் நின்று சொன்னேன்.

ரஹமத்துன்னிசா.